பதினொரு கோட்டுக் கொடி

எ, லெ, ப், தெ, ரி, யா, என்று விரலை மடக்கியபடி நீலத் துணியோடு வெள்ளைத் துணியைச் சேர்த்துத் தைத்துக்கொண்டிருக்கிறான் கித்தேரியான், ஈ, அது தனியாக நிற்கிற எழுத்து, அப்புறம் தா, ன, தொ, ஸ், ஆக மொத்தம் பதினொன்று, புள்ளி வச்ச எழுத்தும் எழுத்துதாம்லே, அத விட்டுட்டு எண்ணினா ஒன்ன எண்ணிப்புடுவேன் என்று வேம்பார்ப் பள்ளிக்கூடத்தில் தமிழய்யா காதைப் பிடித்துத் திருகியது இத்தனை வருஷம் கழித்து, இத்தனை கடல் தாண்டி, கிரேக்க நாட்டுத் தீவு ஒன்றின் குடாவில் நங்கூரம் போட்டுக் கிடக்கிற கப்பலில் வைத்து உதவிக்கு வருகிறது, நீலம் அவனுடைய பழைய வேலை உடுப்பைக் கிழித்தது, வெள்ளை கேப்டன் விட்டுவிட்டுப் போன படுக்கை விரிப்பு, ஊசி தார்ப்பாய் தைக்கிற தடித்த ஊசி. நாளைக்கு மார்ச் இருபத்தைந்து, துருக்கி சுல்தானின் பிடியிலிருந்து விடுபட இந்த நாடு எழுந்து நின்றதைக் கொண்டாடுகிற நாள், குடாவில் இருக்கிற கப்பல் படகு எல்லாவற்றிலும் நாட்டுக் கொடி பறந்தாக வேண்டும் என்று துறைமுக அதிகாரி சொல்லி அனுப்பிவிட்டார், கப்பலில் இருந்த பழைய கொடியோ காற்று தின்றது போக ஒரு கைக்குட்டை அளவுதான் மிச்சம், அதில் எந்தக் கோட்டை எண்ணுவது, கரையில் பறக்கிற கொடிகளை எண்ணலாம் என்றால் அவை ஒரு நொடி ஆடாமல் நின்றால்தானே. கோட்டுக் கணக்கைச் சொன்னவள் படகில் தண்ணீர் கொண்டுவருகிற ஸ்தமாத்தியாதான், எலெப்தெரியா ஈ தானதொஸ், விடுதலை, இல்லையின்னா சாவு, அன்னைக்குச் சண்டைக்குப் போனவுக வாயில இருந்த சொல்லு அது, வாய்விட்டுச் சொல்லிப் பாரு, எத்தன சத்தம் வருதோ கொடியில அத்தன கோடு, நீயே எண்ணிக்க, எனக்கு நேரமாச்சு என்று படகைக் கிளப்பிப் போய்விட்டாள். அந்தச் சொல்லை அவன் முதன்முதலில் கேட்டபோது அதன் வால் மட்டும்தான் காதில் விழுந்தது, தெரியா, விடுதலை எங்கே என்று கேட்டால் தெரியா என்று அந்தச் சொல்லே பதில் சொல்லிவிடுகிறதே என்று தனியாகச் சிரித்தான், தனியாகச் சிரிக்கிற பழக்கம் வந்து கொஞ்ச காலம் ஆகிறது.

கப்பல் பெரியதொன்றுமில்லை, கரையோரமாகவே ஓடிப் பலகை ஏற்றி இறக்குகிற சின்னக் கப்பல், கித்தேரியான் அதில் போசன், அதாவது மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி, கயிறும் நங்கூரமும் பெயிண்ட்டும் அவன் பொறுப்பு, தளம் நிறையப் பைன் மரப் பலகை அடுக்கிக்கொண்டு இந்தத் தீவுப் பக்கம் வந்தபோதுதான் முதலாளி போனை எடுப்பதை நிறுத்தினார், அவர் மேல் யாரோ வழக்குப் போட்டார்கள், அந்த யாரோ மேல் வேறு யாரோ போட்டார்கள், கோர்ட்டார் கப்பலை இருந்த இடத்திலேயே கட்டிப் போட்டார்கள், ஆட்கள் எல்லாரும் ஊருக்குப் போகலாம், ஆனால் கப்பலை அநாதையாக விட முடியாது, காவலுக்கு ஒருவன் இருந்தாக வேண்டும், கேப்டன் எல்லாரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து இவன் முகத்தில் வந்து நின்றார், போசன், நீதான் பொறுப்பான ஆள், கொஞ்ச நாள்தான், அதற்குள் மாற்று ஆள் வந்துவிடுவான். ஆகட்டும் சார் என்றான். அந்த ஒரு வார்த்தையை இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிறான், சின்ன வயசிலிருந்து யார் எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்று சொல்லியே பழகிய வாய், வலை இழுக்க வாரியாலே, ஆகட்டும், சப்பரம் தூக்க ஆள் காணாது, ஆகட்டும், கேப்டன் படகில் இறங்கும்போது தோளில் தட்டிக்கொடுத்தார், அந்தத் தோள் இன்னும் அவருக்காகக் காத்திருக்கிறது, மாற்று ஆள்தான் வரவில்லை. பாஸ்போர்ட் துறைமுக அலுவலகத்து இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது, உத்தரவில்லாமல் கப்பலை விட்டு இறங்கினால் குற்றம், ஜெயில்கூட உண்டு, நான் எப்பத்தான் போகலாம் என்று ஒருநாள் அதிகாரியிடம் கேட்டபோது, வழக்கு முடிந்தால் போகலாம், உனக்குப் பதில் வேறு ஒருவர் காவலிருக்கச் சம்மதித்தால் போகலாம், இல்லையென்றால் காவல் காக்கக் கப்பலே இல்லாமல் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, கடைசியில் சொன்னதற்குத் தானே சிரித்துக்கொண்டார். கோர்ட்டார் கப்பலோடு சேர்த்து அவனையும் கட்டிவிட்டார்கள், கப்பலுக்கு வலிக்காது, அதுதான் வித்தியாசம்.

எமரன்சி, அவன் மனைவி, ஆரம்பத்தில் போனை எடுத்ததும் எப்ப வாரிய என்றுதான் கேட்பாள், சாப்ட்டியளா என்பதுகூட அதற்கு அப்புறம்தான், அது கொஞ்ச நாளில் எப்பத்தான் வாரியளாம் என்று ஆனது, அப்புறம் ஊர்ல எல்லாவளும் கேக்காளுவ நான் என்னத்தச் சொல்ல என்று ஆனது, இப்போது கேட்பதே இல்லை, மழை பேஞ்சிச்சு, ஆடு குட்டி போட்டிருக்கு, ஒங்க அண்ணன் வீட்ல ஒரே சண்ட, சரி வைக்கட்டா, என்று வைத்துவிடுகிறாள், அந்தக் கேள்வி எங்கே போய்த் தொலைந்தது என்று அவனுக்குப் பயமாக இருக்கிறது, கேட்டுக் கேட்டுக் குடைந்த காலத்தில் எரிந்து விழுந்தவன் இப்போது ஒரே ஒரு தடவை கேளேன்டி என்று கெஞ்ச நினைக்கிறான், கெஞ்ச வெட்கம், ஊருக்குப் போகிற ஆளைத்தானே எப்போது வருகிறாய் என்று கேட்பார்கள், கேட்பதை நிறுத்திவிட்டால் அந்த வீட்டில் அவன் படமாகிவிட்டான் என்று அர்த்தம், மாலை போடுவதுதான் பாக்கி. மகள் அசுந்தா ஒருநாள் போனைப் பிடுங்கி, அப்பா, கப்பல்னா ஓடணும்லா, ஒங்க கப்பல் ஏன் ஓடல, என்றாள், நங்கூரம் போட்டிருக்கு தங்கம் என்றான், அப்ப நங்கூரத்தத் தூக்குங்கப்பா என்றாள், அதற்குள் அம்மாக்காரி போனை வாங்கிவிட்டாள், நங்கூரத்தைத் தூக்குவதுதான் அவன் வேலையே, அந்தச் சங்கிலிக்குப் பக்கத்தில்தான் தினமும் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறான்.

ஸ்தமாத்தியா தண்ணீரும் ரொட்டியும் கொண்டுவருகிறவள், அறுபதை ஒட்டிய வயது, கையெல்லாம் கயிறு அறுத்த தழும்பு, தீவுக்காரர்கள் யாரும் திரும்பிப் பார்க்காத கப்பலுக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் தன் மீன்படகை ஓட்டிக்கொண்டு வருவாள், அவன் போனை வாங்கிப் போய்ச் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பாள், கப்பலில் கரண்டு செத்து எவ்வளவோ காலமாகிவிட்டது, இரண்டு பேரும் பேசிக்கொள்வது துண்டு துண்டான கப்பல் இங்கிலீஷ்தான், ஆனால் அவன் காதுக்குள் போனதும் அது வேம்பார்த் தமிழாக மாறிவிடும், ஏ கித்தேரி, கயித்தப் பிடி, என்றுதான் அவள் கூப்பிடுவதாக அவனுக்குக் கேட்கும், அவனும் அக்கா என்றே கூப்பிடுகிறான், அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் இதுவரை கேட்டதில்லை. தன் பெயருக்கு அர்த்தத்தை அவளாகவே ஒருநாள் சொன்னாள், எங்க அம்மாவுக்கு வரிசையா பொட்டப்புள்ள, நான் பெறந்ததும் போதும், நிறுத்துன்னு பேரு வச்சிட்டாவ, ஸ்தமாத்தியான்னா நில்லுன்னு அர்த்தம். அடி ஆத்தே, எங்க பக்கம் போதும்பொண்ணுன்னு வைப்பாவ அக்கா, என்று அவன் சொல்ல, இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள், நின்னுச்சா என்று கேட்டான், எங்க நின்னுச்சு, எனக்குப் பின்னால மூணு என்றாள்.

கரையில் ஒரு சிலை இருக்கிறது, கப்பலின் முன்தளத்தில் நின்றால் நேர் எதிரே தெரியும், மீசை வைத்த ஒருத்தன் படகின் சுக்கானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பான், பெயர் அனார்கிரோஸ், இருநூறு வருஷத்துக்கு முன்னால் சுல்தானின் போர்க்கப்பல்கள் இந்தக் குடாவை அடைத்து நின்றபோது தீவுக்காரர்கள் பழைய படகு ஒன்றில் தாரும் சுள்ளியும் வெடிமருந்தும் நிரப்பி, பகைக் கப்பலை நோக்கிக் காற்றோடு ஓட்டிப் போய், பக்கத்தில் போனதும் தீயை வைத்துவிட்டு எல்லாரும் கடலில் குதித்தார்கள், இவன் மட்டும் சுக்கானை விடவில்லை, விட்டால் படகு திசை மாறிவிடும் என்று கடைசிவரை பிடித்தபடியே எரிந்து போனான், சுல்தானின் கப்பலும் எரிந்தது, குடா திறந்தது. ஸ்தமாத்தியா அவன் வம்சத்துக்காரி, ஆனால் சிலையைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும், கூடப் போனவுக அத்தன பேரும் குதிச்சாவ, நீந்தி வந்தாவ, மறுபடி படகு கட்டினாவ, இன்னும் ரெண்டு கப்பல எரிச்சாவ, அவுகளுக்குச் சிலை கெடையாது, குதிக்கத் தெரியாதவனுக்குத்தான் சிலை, என்பாள், அவன் குதிச்சிருந்தா எங்க வீட்ல அஞ்சு புள்ள பட்டினி கெடந்திருக்காது, அத எந்தப் பாட்டுலயும் பாட மாட்டாவ. கித்தேரியானுக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகப் பட்டது, நாட்டுக்காக உயிரை விட்டவனை இப்படிப் பேசலாமா என்று நினைத்தான், ஆனாலும் தினமும் காலையில் பல் விளக்கும்போது சிலைக்காரனும் அவனும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்வார்கள், இடத்தை விட்டு நகர முடியாத இரண்டு பேர், அதில் அவனுக்கு ஒரு சிநேகம்கூட உண்டு. எனக்குப் பதிலா நீ காவல் இருக்கியா அக்கா என்று ஒரே ஒரு தடவை வாய் தவறிக் கேட்டிருக்கிறான், அவள் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள், நான் இறங்கிக் கடலுக்குப் போகலன்னா வீட்ல அடுப்பு எரியாது கித்தேரி, என்னக் கட்டிப் போட்டுட்டு நீ போவியா என்றாள், அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை.

மார்ச் இருபத்தைந்து வேம்பாரிலும் திருநாள்தான், மங்கள வார்த்தைத் திருநாள், வானதூதர் மாதாவிடம் வந்து நீ கருவுற்று ஒரு மகனைப் பெறுவாய் என்று சொன்ன நாள், ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்துக்கு நடுவில் வருகிற ஒரே சந்தோஷம், இங்கேயும் அதே நாள் அதே தேவதூதர், கோயில் மணி காலையிலேயே அடிக்கத் தொடங்கிவிட்டது, கொடியை ஏற்றிவிட்டு அண்ணாந்து பார்க்கிறான், நீலத்தில் தொடங்கி நீலத்தில் முடிகிறது, மூலையில் நீலச் சதுரத்துக்குள் வெள்ளைச் சிலுவை, அதை மட்டும் பரவன் வீட்டுப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அப்படியே அச்சு, அவனுக்கே பெருமை தாங்கவில்லை, உமது வார்த்தையின்படியே எனக்கு ஆகக்கடவது என்று மாதா சொன்னதை நினைக்கிறான், அவளும் ஆகட்டும் என்றுதான் சொன்னாள், அவளிடமாவது வானதூதர் வந்து கேட்டார், நம்மிடம் கேட்டது கேப்டன். ஸ்தமாத்தியா வழக்கத்துக்கு மாறாகக் காலையிலேயே வருகிறாள், கறுப்புப் பாவாடை, தலையில் துணி, திருநாள் உடுப்பு, ஆனால் முகத்தில் திருநாள் இல்லை, தண்ணீர்க் கேனைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, காத்து எப்படி இருக்கு என்றாள், இவ்வளவு காலத்தில் அவள் காற்றைப் பற்றி அவனிடம் கேட்டதே இல்லை, அந்தக் குடாவின் காற்று அவள் மடியில் முடிந்து வைத்த சில்லறை மாதிரி, இருந்தாலும் கேட்டுவிட்டாளே என்று சொன்னான், இப்ப ஒண்ணுமில்ல, மத்தியானத்துக்கு மேல சோழகம் எழும்பும், தெக்க இருந்து நேரா என் கப்பலப் பார்த்து அடிக்கும். ம், என்றாள். அப்புறம், கித்தேரி, இன்னைக்கு உன் ஜெபமாலைய சட்டப்பையில வச்சுக்க, வீட்டுப் படத்தையும் வச்சுக்க, என்றாள். எதுக்கு அக்கா என்று கேட்டான். நல்ல நாளு, அதுக்குத்தான், உன் போனு எங்கிட்டயே இருக்கட்டும், சார்ஜ் போட்டுக் கொண்டாரேன், என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அவனும் ஆகட்டும் என்றான்.

விழா மத்தியானம், முழங்கால் வரை மடிப்பு மடிப்பான வெள்ளை உடுப்புக் கட்டிய பையன்களும் நீலப் பாவாடைப் பெண்களும் கரையோரம் அணிவகுத்துப் போகிறார்கள், பாண்டு வாசிக்கிறவர்களுக்குத் தூரத்தோடு சண்டை, சுருதி பாதி இங்கே வந்து சேரும் பாதி அங்கேயே விழும், பாதிரியார் நீளத் தாடியோடு சிலைக்கு முன்னால் நின்று அன்றைக்கு மடிந்தவர்களுக்காக மந்திரம் சொல்கிறார், கப்பலுக்குத் தெற்கே ஒரு மிதவையில் பழைய மீன்படகு ஒன்று கட்டியிருக்கிறது, அதில் சுள்ளி குவித்திருக்கிறார்கள், வருஷா வருஷம் அனார்கிரோஸ் நினைவாக ஒரு படகை எரிப்பார்கள் என்று ஸ்தமாத்தியா சொல்லியிருந்தாள், அதை இழுத்துப் போய் மிதவையில் கட்டுவதும் அவள்தான், அவன் முன்தளத்தில் நின்று ஒரு திருவிழாவை வேலிக்கு வெளியே நின்று பார்க்கிற ஆள் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறான். படகில் இருந்த நான்கு வாலிபர்கள் பந்தத்தைச் சுள்ளியில் செருகினார்கள், தீ பிடித்தது, கரையில் இருந்த மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் பீதா, பீதா, பீதா என்று கத்தியது, நான்கு பேரும் தண்ணீரில் பாய்ந்தார்கள், பாதிரியார் கையை உயர்த்தினார், கித்தேரியானுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, பிதாவைக் கூப்பிடுகிறார்கள், எந்த ஊராக இருந்தால் என்ன, எந்தப் பாஷையாக இருந்தால் என்ன, பிதா பிதாதானே, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான், என்று அவனும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே ஆமென்.

அப்போது சோழகம் எழும்பியது, அவன் சொன்ன நேரத்துக்குச் சொன்ன திசையில், எரிகிற படகு ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு மிதவையை விட்டுப் பிரிந்தது, முதலில் கண்ணை நம்பவில்லை, மிதவை அங்கேயே இருக்கிறது, படகு வருகிறது, நேராகக் கப்பலைப் பார்த்து வருகிறது, பலகைச் சுமையால் கப்பல் தண்ணீரில் அமுங்கிக் கிடக்கிறது, தளத்தின் விளிம்பு கடலுக்கு ஓர் ஆள் உயரம்தான், தளம் முழுக்கக் காய்ந்த பைன் மரம், ஒரு பொறி போதும், ஓடு என்று உடம்பு சொன்னது, எங்கே ஓடுவது, கப்பல் எரிந்தால், என்று ஒரு நினைப்பு தலையைத் தூக்கியது, எரிந்தால் காவல் எதற்கு, காவல் இல்லையென்றால், அந்த நினைப்பு வாக்கியமாகி முடிவதற்குள் கை கொக்கிக் கழியை எடுத்துவிட்டது, இருபது வருஷம் கப்பலைக் காப்பாற்றிப் பழகிய கை, அதற்கு யோசிக்கத் தெரியாது. முகத்தில் அனல் அடிக்கிறது, புருவம் கருகுகிற வாடை, கழியைப் படகின் மூக்கில் ஊன்றித் தள்ளுகிறான், அது விலகி மறுபடி ஒட்டுகிறது, பின்தளத்துக்குக் கீழே எப்போது வந்ததோ ஸ்தமாத்தியாவின் படகு, ஏணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று அவனைப் பார்த்துக் கத்துகிறாள், பீதா, பீதா கித்தேரி, பீதா, பாவம் எனக்காக ஜெபிக்கிறாளே இந்த மனுஷி என்று நினைத்ததும் எங்கிருந்தோ ஒரு பலம் வந்தது, பிதாவே என்று அவனும் கத்தினான், சுதனே, பரிசுத்த ஆவியே, என்று ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு பெயராகச் சொல்லிக்கொண்டு, கப்பலின் பக்கவாட்டிலேயே நடந்து, எரிகிற படகைத் தள்ளித் தள்ளிப் பின்பக்கம் வரை கொண்டுபோய், கடைசியாக ஓர் உந்து உந்தினான், அது கப்பலைத் தாண்டிக் குடாவின் வாய்ப்பக்கம் போனது. போகும்போதுதான் பார்த்தான், படகின் மூக்கிலிருந்து கயிறு தண்ணீரில் இழுபட்டுப் போகிறது, முழுக் கயிறு, நுனி கருகவில்லை, அறுபடவில்லை, ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சுப் போட்ட கயிறு எப்படிச் சுருள் சுருளாகக் கிடக்குமோ அப்படிக் கிடந்தது, கயிறு அவன் தொழில், அதில் அவனை ஏமாற்ற முடியாது.

கரையில் கைதட்டல், பாண்டு மறுபடி தொடங்கியது, கூட்டம் அனார்கிரோஸ் அனார்கிரோஸ் என்று அவனைப் பார்த்துக் கத்தியது, துறைமுக அதிகாரியே படகில் ஏறி வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார், அவர்கூட வந்தவர்கள் பொரித்த உப்பு மீனும் பூண்டு விழுதும் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார்கள், கருவாட்டு மணம், அவனுக்குச் சாப்பிடத் தோன்றவில்லை. உன்னைப் பற்றி இன்றைக்கே கோர்ட்டுக்கு எழுதுகிறேன் என்றார் அதிகாரி, அவன் கண் விரிந்தது, இவ்வளவு நல்ல காவல்காரனை எந்தக் காரணம் கொண்டும் மாற்றக் கூடாது என்று எழுதப் போகிறேன், என்று சொல்லிவிட்டு மறுபடி கையைப் பிடித்துக் குலுக்கினார். நன்றி சார் என்றான் கித்தேரியான், வேறு என்ன சொல்ல முடியும், வாய் பழகிய வாய்.

எல்லாரும் போன பிறகு ஸ்தமாத்தியா வந்தாள், படகைக் கட்டவில்லை, ஏணிக் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றாள், ஏன் தள்ளினே, என்றாள். அவனுக்குப் புரியவில்லை, தள்ளாம அக்கா, கப்பல் பத்திக்கிட்டிருக்குமே. பத்திக்கிட்டிருக்கட்டும், நான் கீழ நின்னு தொண்ட கிழியக் கத்தினேனே, பீதா பீதான்னு. ஆமா அக்கா, நீ எனக்காக ஜெபம் சொன்னது கேட்டுச்சு, அந்தப் பலத்துலதான் தள்ளினேன். ஜெபமா, என்று அவள் அவனையே பார்த்தாள், அவள் முகம் அப்படி உடைந்ததை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை, பிறகு படகின் பலகையில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து அந்த வயதில் ஒரு குதி குதித்தாள், படகு ஆடியது, பீதா, என்றாள், மறுபடி குதித்தாள், பீதா, இதுதான் பீதா, குதின்னு அர்த்தம், குதி குதின்னு கத்துதேன், நீ சிலுவையப் போட்டுக்கிட்டுத் தள்ளுதே. அவன் தளத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அந்த முடிச்சு நீ போட்டதா அக்கா, என்றான். அவள் கரையைப் பார்த்துக்கொண்டாள். எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தா நாளைக்குக் கோர்ட்ல கேக்கும்போது என்ன சொல்லுவே, பொய் சொல்ல உனக்கு மூஞ்சி கெடையாது, ஒண்ணும் தெரியாம இருந்தாத்தான் உனக்கு விடுதலன்னு நெனச்சேன், என்றாள். தெரியா, என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான், அழுகை வந்தது, அடக்கவில்லை, விடுதலை கதவைத் தட்டிக்கொண்டு வந்ததும், அதைக் கழியால் தள்ளித் தள்ளிக் கடல் பக்கம் அனுப்பியதும், அதற்கு ஊரே கைதட்டியதும், எல்லாவற்றையும் நினைத்து நினைத்து அழுதான், அவளும் அவனைத் தேற்றவில்லை, அவளுக்கு அனார்கிரோஸ் மேல் இருந்த கோபம் எல்லாம் இப்போது தன் மேல் இருக்கிறதோ என்று அவனுக்குத் தோன்றியது.

அழுது ஓய்ந்ததும் அவள் மேலே பார்த்தாள், கொடியைப் பார்த்தாள், உதடு அசைந்தது, பிறகு சிரித்தாள், கித்தேரி, இதுல ரெண்டு கோடு கூடுதல். இல்ல அக்கா, எண்ணித்தான் தச்சேன், பதினொண்ணு. ஒம்பது, என்று அவள் படகின் விளிம்பைத் தட்டித் தட்டிச் சொன்னாள், எ, லெப், தெ, ரி, யா, ஈ, தா, ன, தொஸ், ஒம்பது சத்தந்தான் இருக்கு. எங்க ஊர்ல புள்ளி எழுத்தையும் சேத்து எண்ணுவோம் அக்கா, தனியா நின்னா மூச்சுவிட முடியாத எழுத்தா இருந்தாலும் அதுவும் ஒரு எழுத்துதான், என்றான், அவளுக்கு அது புரிந்ததோ இல்லையோ, அதிகாரி பாக்கல, விடு, அடுத்த வருசத்துக்குச் சரியாத் தச்சுக்கலாம், என்றாள், சொன்ன பிறகுதான் அடுத்த வருஷம் என்ற சொல் இரண்டு பேர் காதிலும் விழுந்தது, அவள் சட்டென்று போனை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டுப் படகைக் கிளப்பினாள்.

எமரன்சி எடுத்தாள், இங்க திருநாளுக்குப் பாயாசம் வச்சேன், அசுந்தாவுக்குச் சளி, என்று தொடங்கினாள், இன்னைக்கு ஒரு தீ வந்துச்சு என்று அவன் குறுக்கே விழுந்து எல்லாவற்றையும் சொன்னான், படகு வந்தது, தள்ளியது, பீதா, அக்கா குதித்துக் காட்டியது, கயிற்று முடிச்சை மட்டும் சொல்லவில்லை. கூறுகெட்ட மனுசா, குதிக்க வேண்டியதுதான, என்றாள், கப்பல் யாரு வீட்டுச் சொத்து, ஒமக்கு என்னமும் ஆயிருந்தா, என்று சொல்லி நிறுத்தினாள், பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எவ்வளவோ காலத்துக்கு அப்புறம், எப்ப வாரிய, என்று கேட்டாள். இன்னொரு தடவை கேளேன், என்றான். எப்ப வாரிய, என்று மறுபடி கேட்டாள்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குகிறது, கொடியை இறக்குகிற நேரம், கயிற்றைத் தளர்த்திக் கொடியை மடியில் வாங்கிக்கொண்டு சங்கிலிக்குப் பக்கத்தில் உட்கார்கிறான், ஓரத்தில் பொறி பட்டு ஒரு கை நீளத்துக்குத் தையல் விட்டிருக்கிறது, எதிரே அனார்கிரோஸ் இன்னும் சுக்கானைப் பிடித்தபடி நிற்கிறான், கூடுதல் இரண்டையும் இன்றைக்கே பிரித்துவிடலாம் என்று கத்தியை எடுத்து, எதிலிருந்து பிரிப்பது என்று மேலிருந்து எண்ணிப் பார்க்கிறான், இப்போது அவள் கணக்கில், எ, லெப், தெ, ரி, யா, ஈ, தா, ன, தொஸ், ஒன்பது முடிந்தது, விரல் மிச்சமிருந்த இரண்டு கோட்டில் போய் நின்றது, ஒரு வெள்ளை, ஒரு நீலம், அந்த இரண்டையும் தடவிக்கொண்டே இருந்தான், வாய் தானாக அசைந்தது, பீ, என்றான், அப்புறம், தா, என்றான், கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அந்த இரண்டு கோட்டோரம் விட்டுப்போயிருந்த தையலை இறுக்கித் தைக்க ஊசியில் நூலைக் கோத்தான்.